பின்பக்கத்துப் பதினாறு பட்டை

அன்செல்ம் தூலோனுக்கு அரசாங்கம் ஒரு தொப்பி கொடுத்தது. நீலத் தொப்பி. நெற்றிப் பக்கம் வெள்ளை நூலால் ஒரு கூரை தைத்திருந்தது. தலைநகரத்தில் மூன்று நாள் பயிற்சி, மத்தியானம் கோழிச் சோறு, கடைசி நாள் ஒரு கைகுலுக்கல், அதோடு இந்தத் தொப்பியும் ஒரு கட்டு பச்சை ஸ்டிக்கரும். எங்கள் லா ரோஷ் ஊருக்கு இனி அவன்தான் கூரை பார்க்கிறவன். புயலுக்குத் தாங்கும் வீட்டுக் கதவில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவான். எச்சரிக்கை வந்ததும் ஆற்றோரத்துக் குடும்பங்கள் பாய் தலையணையோடு ஏறி வந்து அந்த வீடுகளில் தங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஒரு தச்சனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன வேண்டும்? ஆனால் தொப்பி வந்த நாளிலிருந்து அந்த மனுஷன் தலை நிமிரவில்லை.

என் கடையில் தினமும் சாயங்காலம் ஆறேழு பேர் சேர்வோம். ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் ரம், நடுவில் ஒரு தட்டு வறுத்த மீன். அன்றைக்கு மீன்காரன் பெர்ட்டில் ஆரம்பித்தான்.

"இன்ஸ்பெக்டரய்யா, என் கோழிக்கூட்டுக்கு ஸ்டிக்கர் உண்டா?"

வேறு நாளாக இருந்தால், 'உன் வீட்டவிட உன் கோழிக்கூடு பலம்டா, புயல் வந்தா நீ அதுக்குள்ள போய் முட்டை போடு' என்று அன்செல்ம் திருப்பிக் கொடுத்திருப்பான். அன்றைக்குக் கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"முத ஸ்டிக்கர் யாருக்குன்னு இதுல என்ன கேள்வி?" என்றான் பெர்ட்டில். "கிளோதில்ட் வீடுதான். அது கூரையா, கோட்டை! ஆத்தங்கரைல பதினாலு பேர் அவ வீட்டுக்குத்தான் பேர் குடுத்திருக்காங்க. என் அம்மாவும் அதுல ஒண்ணு."

அன்செல்ம் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனான். உள்ளே பாதி ரம் இருந்தது. பலகையில் கொட்டி ஓடிற்று. ரம்மை வீணாக்குகிற ஆளில்லை அவன்.

இதன் காரணத்தை நான் முழுசாகத் தெரிந்துகொண்டது பிறகுதான். ஆனால் பாதி எனக்கு ஏழு வருஷமாகவே தெரியும். அந்தப் பாதியைச் சொல்லத்தான் எனக்கும் வெட்கமாக இருக்கிறது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மரியாப் புயல் போன மறுநாள் காலை எங்கள் மலையில் ஒரு இலை இல்லை. மொட்டை அடித்த தலை மாதிரி மலை பழுப்பாக நின்றது. ஊரில் முக்கால்வாசிக் கூரைகள் வாழைத்தோட்டத்தில் கிடந்தன. அதுவரைக்கும் நாங்கள் எல்லோரும் கூரைக்குப் பாரம்தான் முக்கியம் என்று நினைத்திருந்தோம். தகரத்தின் மேல் கல் வைத்தவர்கள்கூட உண்டு. அன்செல்ம்தான் நிவாரணக்காரர்களிடம் போய்ப் புது முறையைக் கற்றுக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடத்து ஹாலில் ஊரைக் கூட்டி, ஒரு சாப்பாட்டு மேஜையைக் கவிழ்த்துப் போட்டுப் பாடம் நடத்தினான்.

"காத்து மேலேர்ந்து அமுக்காது. அடியில பூந்து தூக்கும். அதனால கூரைய சொவத்தோட கட்டு, சொவத்தத் தரையோட கட்டு. ஒவ்வொரு கைமரத்துக்கும் ஒரு இரும்புப் பட்டை, பட்டைக்குப் பத்து ஆணி. ஒம்போது போட்டா பத்தாது."

ஒன்பது போட்டால் பத்தாது என்று அன்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னவன் அவன்.

கிளோதில்ட் எங்கள் ஊர் ரொட்டிக்காரி. பக்கத்துத் தீவான குவாதலூப்புக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கே இன்னொரு அடுப்பைப் பார்த்துக்கொண்டான். இவள் தன் அடுப்பையும் மகளையும் பார்த்துக்கொண்டாள். மகள் ஜோசெட்டுக்கு ஞானஸ்நானத்தில் கைப்பிடித்தவன் அன்செல்ம். அன்றிலிருந்து அவன் ஜோசெட்டுக்குப் பாரேன், அதாவது ஞானத்தகப்பன்; கிளோதில்ட் அவனைக் கூப்பிடுவது கொம்பே என்று. அவன் அவளைக் கூப்பிடுவது மக்குமே என்று. எங்கள் பக்கம் கூடப்பிறந்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம், தப்பில்லை. கொம்பேயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த உறவு அறுந்தது என்று பொருள்.

மரியாவுக்கு அடுத்த வருஷம் அவளுக்கு வீடு கட்டக் கூட்மே வைத்தோம். கூட்மே என்றால் சங்கு ஊதினதும் ஊர் ஆண்கள் சுத்தியலோடு வருவார்கள். கூலி கிடையாது. வீட்டுக்காரி சோறு போட வேண்டும், அவ்வளவுதான். இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சும்மா வந்தவன் அடித்த ஆணியை இன்னொருத்தன் ஆட்டிப் பார்க்கக் கூடாது. ஆட்டினால் அது அவன் முகத்தில் துப்பினதற்குச் சமம்.

ஒரு சனிக்கிழமை, இருபது பேருக்கு மேல் இருந்தோம். மத்தியானத்துக்குள் முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் பட்டை போட்டு முடித்தாயிற்று. மிச்சம் பின்பக்கம், பதினாறு கைமரம். அப்போது மலைமேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கீழே கிளோதில்ட்டின் மாவு மூட்டைகள் திறந்த வெளியில் இருந்தன. நான் பின்பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு கைமரத்துக்கும் சாய்வாக இரண்டு ஆணி அடித்து நிறுத்தி, "அன்செல்ம், பட்டை?" என்று கத்தினேன்.

"திங்கக்கெழம நான் வந்து போட்டுக்கறேன். இப்ப தகரத்த ஏத்துங்கடா, மாவு நனஞ்சா நாளைக்கு நீங்க திங்கறதுக்கு ரொட்டி இருக்காது!"

சிரித்துக்கொண்டே ஏற்றினோம். சாயங்காலம் மிச்சப் பட்டைகள் கிடந்த பெயிண்ட் வாளியை அவன் தன் வண்டியில் வைத்ததைப் பார்த்தேன். திங்கட்கிழமை போட்டானா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் நன்றாக இருக்காதே என்று விட்டுவிட்டேன்.

அவன் போடவில்லை. திங்கட்கிழமை தெற்கே ஒரு ஓட்டல் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டான். வெள்ளிக்கிழமை பட்டை வாளியோடு வந்து பார்த்தால், கிளோதில்ட்டின் தம்பிகள் வந்து சீலிங் பலகையை அடித்து வார்னிஷும் பூசி முடித்திருந்தார்கள். பலகையோடு பலகை கோத்த சீலிங், தேன் நிறத்தில் மின்னிற்று. மாவுக் கையோடு வாசலில் நின்று, "பாருங்க கொம்பே, எப்படி இருக்கு?" என்று கேட்டாளாம்.

"அழகா இருக்கு மக்குமே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

அந்த ஒரு வார்த்தைதான். மறுநாள் சொல்லியிருக்கலாம், மறுவாரம் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் தள்ளிப்போகப் போகச் சொல்வது கஷ்டமாயிற்று. கிளோதில்ட் வேறு சந்தையில், கோயிலில், பஸ்ஸில் என்று கண்ட இடத்தில் எல்லாம், 'என் கொம்பே கட்டின கூரை, ஒரு ஆணி கொறையாது' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அவனுக்கு உடம்பு கூசியிருக்கும்.

இந்த வருஷம் ஜூன் மாதம் பாதிதான் ஆகியிருந்தது. முன்பெல்லாம் ஆகஸ்ட் பிறந்தால்தான் ரேடியோவில் புயல் சேதிக்குக் காது கொடுப்போம். இப்போது கடலில் கால் வைத்தால் குழந்தையைக் குளிப்பாட்டுகிற வெந்நீர் மாதிரி இருக்கிறது. அப்படி இருந்தால் புயல் காலண்டர் பார்த்தா வரும்? புதன்கிழமை காலை கிழக்கே ஒரு சுழல் உருவாகியிருப்பதாக ரேடியோ சொன்னது. சனிக்கிழமை ராத்திரி எங்களைத் தொடலாம்.

அன்செல்ம் தொப்பியும் ஸ்டிக்கருமாகக் கிளோதில்ட் வீட்டுக்குப் போனான். போனவனை அவள் பேச விட்டால்தானே.

"உக்காருங்க கொம்பே. தேங்கா ரொட்டி இப்பத்தான் எறக்கினேன். தொப்பி நல்லா இருக்கு, ஆனா கொஞ்சம் பெருசு. வீட்ல வெர்ஜிகிட்ட குடுத்துப் பின்னால ஒரு தையல் போடச் சொல்லுங்க. யார் யாருக்கு எந்த எடம்னு நான் பிரிச்சு வெச்சிட்டேன். சக்கர நாற்காலிப் பெரியவர் ஒவிட் முன்னறையில. ரெட்டப்புள்ளக்காரி பின்னறையில, அங்கதான் சத்தம் வராது."

"பின்னறையா?"

"ஏன், ஆகாதா?"

"இல்ல மக்குமே... ஒரு அளவெடுக்க வேண்டியிருக்கு. நாளைக்கு வரேன்."

"அளவா? உங்க வீட்டு அடுப்ப நீங்களே அளந்து பாப்பீங்களா? கட்டினதே நீங்க!" என்று சிரித்தாளாம். இரண்டு ரொட்டியைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டு வந்தான். ஸ்டிக்கர் சட்டைப் பையிலேயே இருந்தது.

வியாழக்கிழமை காலை என் கடைக்கு வந்தான். கையில் ஆணிபிடுங்கி.

"ஃபெலிசியன், ஏணி பிடிக்க ஒரு ஆள் வேணும். வா. ஒண்ணும் கேக்காத."

ஏழு வருஷமாக ஒன்றும் கேட்காதவன்தானே நான். கடையைச் சாத்திவிட்டுப் போனேன். வண்டியின் பின்னால் பெயிண்ட் வாளி இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கிளோதில்ட் சந்தைக்குப் போயிருந்தாள். ஜோசெட் பள்ளிக்கூடத்தில். சாவி எங்கே தொங்கும் என்று அவனுக்குத் தெரியும். பின்னறையில் ஏணியைப் போட்டு ஏறினான். வார்னிஷ் பலகை சுலபமாக வரவில்லை, ஒவ்வொன்றும் கிறீச்சிட்டுத்தான் வந்தது. வந்த பலகைகளை அவள் கட்டிலில் சாய்த்தேன். அவள் வெள்ளை விரிப்பில் தூசியும் பல்லி முட்டையும் கொட்டின. மூன்றாவது பலகை வந்ததும் அண்ணாந்து பார்த்தேன். என் ஆணிகள்தான். சாய்வாக, கைமரத்துக்கு இரண்டு. துரு ஏறி, தலையைச் சுற்றி மரத்தில் கறுப்புக் கறை விட்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

"நீ போடவே இல்லியா?"

"கேக்காதன்னு சொன்னேன்ல?"

"அன்செல்ம்..."

"நாளைக்குள்ள பதினாறையும் போட்டு, பலகைய மூடிட்டா யாருக்கும் தெரியாது. பிடிடா ஏணிய. ஆடுது."

ஏணியைப் பிடித்தேன்.

அப்போது வாசலில் கூடை இறங்கும் சத்தம் கேட்டது. புயல் சேதியால் சந்தையைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள் போல. இரண்டு பேரும் திருடன் மாதிரி நின்றோம்.

"ஐயோ, என் படுக்கையறைல ரெண்டு ஆம்பளைங்க! இத ஊர்ல யார்கிட்டச் சொன்னாலும் நம்ப மாட்டாங்களே, ரெண்டும் கெழடு!" என்று சிரித்துக்கொண்டேதான் வந்தாள். பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மேலே பார்த்தாள்.

"என்ன கொம்பே, கரையானா?"

அவளே வழி காட்டிவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானும் தலையாட்டியிருப்பேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்செல்ம் வாயைத் திறந்தான், மூடினான். 

"இல்ல மக்குமே" என்றான் கடைசியில். "கரையான் இல்ல."

இறங்கி வழிவிட்டான். அவள் ஏறினாள். பள்ளிக்கூடத்து ஹாலில் அவன் பாடம் நடத்தினபோது முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் அவள். பட்டை எங்கே இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. கையால் கைமரத்தின் அடியைத் தடவினாள். அடுத்ததைத் தடவினாள்.

"பட்டை எங்க?"

"எங்கிட்ட இருக்கு."

"உங்ககிட்ட எங்க?"

"வாளில. வீட்ல இருந்துச்சு. இப்ப வண்டில."

"எத்தன?"

"பதினாறு. பின்பக்கம் முழுக்க."

அவள் மெதுவாக இறங்கி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அவன் சொன்னான். மழை, மாவு மூட்டை, ஓட்டல் வேலை, சீலிங், எல்லாம். சொல்லச் சொல்ல அவனுக்கே அது சின்னக் காரணமாகத் தெரிந்திருக்க வேண்டும். குரல் தேய்ந்துகொண்டே போயிற்று.

"மழை பேஞ்சது எனக்கும் ஞாபகம் இருக்கு" என்றாள் அவள். "என் மாவுக்காகத்தான அவசரப்பட்டீங்க. மனுஷன் விட்டுட்டுப் போறதுதான். அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஆணிபிடுங்கிய எடுத்துக் குடுத்திருப்பேன். பலகை போனா போகுது."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இவ்வளவுதானே, முடிந்தது என்று நினைத்தேன். அவள் விரிப்பிலிருந்த தூசியைக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டின கை பாதியில் நின்றது.

"போன வருஷம் ஜூலைல ஒரு புயல் வந்துச்சே. கடைசி நேரத்துல வடக்க திரும்பிப் போச்சே."

அன்செல்ம் ஆணிபிடுங்கியைத் தரையில் வைத்தான்.

"உங்க வீடு ஆத்தோரமாச்சேன்னு ஜோசெட்ட ரெண்டு தடவ அனுப்பினேன். 'வெர்ஜி அத்தையக் கூட்டிட்டு நம்ம வீட்டுக்கு வாங்க பாரேன், அம்மா மீன் ரசம் வெச்சிருக்காங்க'ன்னு. வெர்ஜிக்கு முழங்கால் வலி, மேடு ஏற முடியாதுன்னு சொல்லி அனுப்பினீங்க. பள்ளிக்கூடத்துல போய்த் தங்கினீங்க."

"ஆமா."

"பள்ளிக்கூடம் என் வீட்டவிட மேல இருக்கு கொம்பே."

வெளியே ஒரு கோழி கத்திற்று. அதன் சத்தம்கூட எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

"உங்க பொண்டாட்டிய இந்தக் கூரைக்கு அடியில படுக்க வெக்க உங்களுக்கு மனசு வரல. என் புள்ள படுத்திருந்தா. நீங்க தூக்கி ஞானஸ்நானம் குடுத்த புள்ள. இதே கட்டில்ல. 'பயப்படாத, பாரேன் கட்டின கூரை'ன்னு நான்தான் சொல்லித் தூங்க வெச்சேன்."

எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிற்று என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அன்செல்ம் தொப்பியைக் கழற்றினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் சுருட்டினான்.

"அடிச்சிருங்க மக்குமே. செருப்பாலயே அடிங்க."

"அடிச்சா உங்களுக்கு லேசாப் போயிடும்" என்றாள் கிளோதில்ட். எழுந்து பலகைகளைக் கட்டிலிலிருந்து ஒவ்வொன்றாகச் சுவரோரம் எடுத்து வைத்தாள். "நாளைக்கு விடியக்காலைல சங்க ஊதுங்க. கூட்மே வையுங்க. நான் சோறு போடறேன்."

"எதுக்குன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க. நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

வெள்ளிக்கிழமை விடியும்போது நாற்சந்தியில் நின்று அன்செல்ம் சங்கு ஊதினான். மூச்சு பத்தாமல் முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை சத்தம் மலை வரைக்கும் போயிற்று. கடலில் அலை ஏற ஆரம்பித்திருந்தது. படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தவர்கள் அப்படியே வந்தார்கள். பதினெட்டுப் பேர் தேறினார்கள்.

"யார் கூரைப்பா?" என்றான் பெர்ட்டில், சுத்தியலைச் சுழற்றிக்கொண்டு.

"கிளோதில்ட் வீடு."

"கோட்டைக்கு என்ன வந்துச்சு?"

அன்செல்ம் தரையைப் பார்த்துத்தான் சொன்னான், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "பின்பக்கத்துப் பதினாறு கைமரத்துக்குப் பட்டை கெடையாது. போடாதவன் நான். தெரிஞ்சே ஏழு வருஷம் வாயத் தொறக்கல."

 பெர்ட்டிலின் சுத்தியல் சுழல்வது நின்றது. "என் அம்மாவ அந்த வீட்டுக்குத்தான அனுப்ப இருந்தேன்" என்றான் ஒரு மாதிரி குரலில். ஒருத்தன், "பூனையப் பாலுக்குக் காவல் வெச்ச கதையா இருக்கே" என்று முணுமுணுத்தான். தொப்பியைத்தான் சொல்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொருத்தன், "அப்ப என் வீட்டு மூலைய யார் கட்டினது?" என்று கேட்டுவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எங்கள் ஊரில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

நான் அப்போது பேசியிருக்க வேண்டும். 'ஆணி அடிச்சது நான், வாளி திரும்பிப் போனதப் பாத்ததும் நான்' என்று.  ஏணியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நடந்தேன்.

வேலை சுறுசுறுப்பாக நடந்தது, ஆனால் கூட்மே மாதிரி இல்லை. பாட்டு இல்லை, கிண்டல் இல்லை. கிளோதில்ட் கையில் ஒரு சாக்கட்டியோடு நின்றாள். ஒருத்தன் பட்டை போட்டு இறங்கினதும் இன்னொருத்தனை ஏறச் சொன்னாள். "எண்ணுங்க" என்றாள். அவன் கூச்சத்தோடு எண்ணினான். பத்து என்று சொன்னால் கைமரத்தில் சாக்கட்டியால் ஒரு சிலுவை போடச் சொன்னாள். பெர்ட்டில் ஒரு பட்டையில் எட்டு ஆணியோடு இறங்கப் பார்த்தான். எண்ணினவன் எட்டு என்றான். பெர்ட்டில் முகம் சிவந்தது. ஆனாலும் பேசாமல் திரும்ப ஏறி மிச்சம் இரண்டையும் அடித்தான்.

அன்செல்மின் மனைவி வெர்ஜி அடுப்படியில் சேம்பங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காலையில்தான் தெரியவந்தது, அதுவும் பட்டை விஷயம் மட்டும். அழுது முகம் வீங்கியிருந்தது. கிளோதில்ட் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முழங்கால் இப்ப எப்படி இருக்கு வெர்ஜி?"

"என் முழங்காலுக்கு என்ன?"

"போன வருஷப் புயலப்ப ஏற முடியலன்னாரே."

வெர்ஜி கத்தியைக் கீழே வைத்தாள். "நான் ஒன் வீட்டுக்குத்தான் போகணும்னு சண்டை போட்டேன். மீன் ரசம் ஆறிடும் வா வான்னு கெஞ்சினேன். இந்த மனுஷன்தான் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். உங்க ரெண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம்னு நெனச்சேன்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கிழங்கு உரித்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் உள்ளேயிருந்து அன்செல்ம் குரல் கொடுத்தான். "ஒண்ணு கொறையுது. பதினஞ்சுதான் இருக்கு."

வாளியைக் கவிழ்த்துத் தேடினார்கள். வண்டியில் தேடினார்கள். புயல் வருகிற நேரத்தில் நகரத்துக் கடைகள் எல்லாம் மூடியிருக்கும், புதுப் பட்டை கிடைக்காது. வெர்ஜி எழுந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள். ஆற்றோரத்திலிருந்து அந்த மேடு செங்குத்து. இருபது வயசுக்காரனே நடுவில் ஒரு தடவை நிற்பான். வெர்ஜி போன வேகத்தில் திரும்பி வந்தாள், ஓரிடத்திலும் நிற்காமல். நாங்கள் எல்லோரும் அவள் முழங்காலைப் பார்த்தோம். அவளும் நாங்கள் பார்க்கட்டும் என்றுதான் ஏறினாள் என்று நினைக்கிறேன்.

கையில் ஒரு பட்டை. காப்பிக் கறை படிந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு.

"எங்க வீட்டு அடுப்படிச் சொவத்துல கொக்கி மாதிரி அடிச்சு வெச்சிருந்தான்" என்றாள். "ஏழு வருஷமா என் காப்பி வடிகட்டிய இதுலதான் மாட்டினேன். ஒன் புள்ள தலைக்கு மேல இருக்க வேண்டியது கிளோதில்ட். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."  அதைத் தன் பாவாடையில் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். கறை போகவில்லை.

பதினாறாவது பட்டையை அன்செல்மே அடித்தான். எண்ண யாரும் ஏறவில்லை. அவனே இறங்கி, "ஃபெலிசியன், எண்ணு" என்றான். ஏறினேன். பத்து இருந்தது. சிலுவை போட்டேன். பக்கத்திலேயே என் இரண்டு பழைய ஆணிகளின் துருப்பிடித்த தலை தெரிந்தது. அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

சீலிங் பலகையைத் திரும்ப அடிக்கப் போனபோது கிளோதில்ட் தடுத்தாள். "வேணாம். தெரியட்டும்."

சேம்பங்கிழங்கும் கருவாடும் பச்சைவாழைக்காயும் வேகவைத்துப் போட்டாள். கூட்மேயில் கூரை போடும் தச்சனுக்குத்தான் முதல் தட்டு, அது வழக்கம். அன்றைக்குப் பதினெட்டுப் பேருக்கும் போட்ட பிறகு கடைசித் தட்டை எடுத்துக்கொண்டு அவனிடம் வந்தாள். கருவாடு எல்லோருக்கும் போட்ட அளவுதான், குறைக்கவில்லை.

"சாப்பிடுங்க, மிஸ்டர் அன்செல்ம்" என்றாள்.

மென்றுகொண்டிருந்த எல்லோருடைய வாயும் நின்றது. அன்செல்ம் தட்டை இரண்டு கையாலும் வாங்கினான். "நன்றி மக்கு..." என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கினான். அந்தச் சாப்பாட்டை அவன் ஒரு துணுக்குக்கூட மீதி வைக்காமல் சாப்பிட்டான். எப்படி இறங்கிற்றோ.

சனிக்கிழமை மத்தியானம் கடல் ஈய நிறத்துக்கு வந்தது. ஆற்றோரத்தார் பதினாலு பேரும் கிளோதில்ட் வீட்டுக்கு ஏறினார்கள். ஒவிட் பெரியவரை நாற்காலியோடு பெர்ட்டிலும் நானும் தூக்கி வந்தோம். என் கடைத் தகரத்தை நான் நம்பவில்லை, பாயைச் சுருட்டிக்கொண்டு நானும் அங்கேயே தங்க வந்துவிட்டேன். இரட்டைப் பிள்ளைக்காரியைக் கிளோதில்ட் முன்னறைக்கு மாற்றியிருந்தாள். பின்னறை காலியாக இருந்தது.

அன்செல்மும் வெர்ஜியும் மூட்டையோடு பள்ளிக்கூடத்துப் பாதையில் போவது ஜன்னலிலிருந்து தெரிந்தது. அவன் முன்னால், அவள் பத்தடி பின்னால். கிளோதில்ட்டும் பார்த்தாள். ஜோசெட்டைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். பெண் ஓடினாள்.

"பாரேன்! அம்மா கூப்பிடறாங்க!"

அவள் இன்னும் பாரேன் என்றுதான் கூப்பிட்டாள். அன்செல்ம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டான். வெர்ஜிதான் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

வாசலில் நின்று சட்டைப் பையிலிருந்து பச்சை ஸ்டிக்கரை எடுத்தான். வியர்வையில் ஓரம் சுருண்டிருந்தது. "இப்ப ஒட்டலாம்" என்றான். "இப்ப சரியா இருக்கு."

"வேணாம். புயல் போகட்டும், அப்பறம் ஒட்டுங்க" என்றாள் கிளோதில்ட். "எங்க தங்கப் போறீங்க?"

"பள்ளிக்கூடத்துல."

"பள்ளிக்கூடம் மேடு. வெர்ஜி முழங்காலுக்கு ஆகாது. இங்க தங்குங்க." பின்னறைக் கதவைத் திறந்துவிட்டாள். மேலே பலகை இல்லாத கூரை, பதினாறு சாக்கட்டிச் சிலுவை. "உங்களுக்கு இங்க எடம் வெச்சிருக்கேன், மிஸ்டர் அன்செல்ம்."

அவன் உள்ளே போய்ப் படுக்கையை விரித்தான். வெர்ஜி ஒரு ஓரமாகப் படுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான். உதடு அசைந்தது. ஜபமோ, எண்ணிக்கையோ.

நாலு மணிக்கு முதல் காற்று வந்து தகரத்தை அடியிலிருந்து தூக்கிப் பார்த்தது. முன்னறையில் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. பெர்ட்டில் நகர்ந்து தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு, "இங்க வா ஃபெலிசியன், இதான் பலமான பக்கம்" என்றான்.

நான் என் பாயை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கிளோதில்ட் என்ன என்பது போலப் பார்த்தாள்.

"பின்பக்கத்து ஆணி நான் அடிச்சது" என்றேன். "வாளி திரும்பிப் போனதயும் பாத்தேன்."

அவள் விலகிப் பின்னறைக் கதவைத் திறந்துவிட்டாள். நான் உள்ளே போய் அன்செல்முக்குப் பக்கத்தில் பாயை விரித்தேன்.